கால்டர் மேடு

ஷெரிஃபின் குதிரை தெருவோரத் தொட்டியில் வாய் வைத்ததும் உலகநாதன் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். "பாருங்க, பாருங்க. குதிரை தண்ணி குடிக்குது. வால் ஆடுதா? ஆடலை. ஏன்? ஈ இல்லை. ஈ இல்லாம கான்சாஸா?" என்று கேட்பார். கேள்வி எங்களுக்கு அல்ல, தொலைக்காட்சிப் பெட்டிக்கு. பெட்டி பதில் சொல்லாமல் சுட ஆரம்பிக்கும். அவர் விரல் விட்டு எண்ணுவார். ஆறு குண்டு போடும் துப்பாக்கியில் ஒன்பதாவது குண்டு வெடித்ததும் திருப்தியோடு சாய்ந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு கோதுமை மணிகளை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார்.

சனிக்கிழமை மாலை ஏழு மணி. மாண்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷெர்புரூக் தெருவுக்கு ஒரு தெரு தள்ளி இருக்கும் பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடி அவர்களுடையது. முதல் மாடி எங்களுடையது. எங்களிடம் இருப்பது கறுப்பு வெள்ளைப் பெட்டி, அவர்களிடம் கலர். ஆகவே நானும் என் வீட்டுக்காரர் ரவிசங்கரும் வெட்கத்தை முதல் மாடியிலேயே விட்டுவிட்டு வாரம் தவறாமல் ஏறிப்போய் உட்கார்ந்துவிடுவோம். சாரின் மனைவி கோமதி அக்கா போடும் காப்பியும் ஒரு காரணம்.

சாருக்கு வேலை துறைமுகத்தில். மேற்கு மாகாணங்களிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கும் கோதுமையை அங்கே வானம் முட்டும் கிடங்குகளில் கொட்டி வைக்கிறார்கள். அதில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு, மண் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் பரிசோதனைக் கூடத்தில் இவர் மூத்தவர். ஆளுயர பித்தளைக் குழாய் ஒன்றைக் குவியலுக்குள் செருகி, நடு வயிற்றிலிருந்து தானியத்தை இழுப்பார். இயந்திரம் சூடாவதற்குள் ஒரு மணியைக் கடித்து, "பதிமூணு புள்ளி ரெண்டு" என்பார். ஐந்து நிமிடம் கழித்து இயந்திரமும் அதையே சொல்லும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். ஒரு தீபாவளிக்கு நான் ஆசையாகக் கொண்டுபோன ரவா லட்டைக் கடித்து, "ரவை வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, டப்பா மூடி சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னவர் இவர். இரண்டும் உண்மை. அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

தப்பு என்று தெரிந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. தமிழ்ச் சங்கத்தின் சுற்றறிக்கையைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். பஸ் மூன்று நிமிடம் முன்னால் வந்துவிட்டால் ஓட்டுநரிடம் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். தெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் கிழவி மிச்சச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய் வைத்துவிட்டு வருவார். "தப்பைப் பார்த்தா எனக்குப் பல்லு கூசுது, என்ன பண்றது?" என்பார். கோமதி அக்கா சமையலறையிலிருந்தே, "முப்பத்திரண்டும் கூசிக்கிட்டே இருக்கு" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு அந்தத் தொடர் வாய்த்தது பெட்டியின் கெட்ட நேரம். தொடரின் பெயர் 'கால்டர்'. போன நூற்றாண்டில் கான்சாஸில் ஒரு மாட்டுச்சந்தை ஊர். துப்பாக்கியில் கைவேகமான ஷெரிஃப், மீசைக்காரக் கெட்டவர்கள், குடிக்கும் விடுதி, வாரத்துக்கு இரண்டு கொலை. கால்டர் நிஜ ஊர். அங்கே இருந்த கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் 1959 முதல் நான்கு வருடம் மண்ணைப் பற்றி ஆய்வு செய்துகொண்டு சார் குடியிருந்தார். ஆகவே தொடரில் வரும் கால்டருக்கும் நிஜக் கால்டருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் உரிமை மாண்ட்ரியாலில் தமக்கு ஒருவருக்குத்தான் உண்டு என்பது அவர் கட்சி.

"பின்னாடி மலை வெச்சிருக்கான் பாருங்க. அந்த ஊர்ல மலையைப் பார்க்கணும்னா மேற்கால எட்டு மணி நேரம் கார் ஓட்டணும்."

"அந்தப் பொம்பளை பாவாடை ஆடாம நிக்குது. அங்க அடிக்கிற காத்துக்கு நாலு கிளிப் போடாம ஒரு துண்டு காயப்போட முடியாது."

"குடிக்கிற விடுதியா? கால்டர்லயா? உட்காந்து குடிக்கிற கடைக்கு அங்க சட்டமே இடம் கொடுக்காது. மதுவிலக்கு, நம்ம மெட்ராஸ் மாதிரி. குடிக்கிறவன் வீட்டுக் கொட்டகையில குடிப்பான், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முதல் பெஞ்சுல உட்காந்திருப்பான்."

"கதைன்னு ஒண்ணு வேணாமா சார்?" என்று ரவி ஒருமுறை கேட்டார். "கதை வேணும். ஊர் எதுக்குப் பொய்யா இருக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார் சார். "நிஜ ஷெரிஃப் பேரு ஹால்வர்சன். தொந்தி. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். நாலு வருஷத்துல அந்த மனுஷன் துப்பாக்கியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கேன்."

"ஷெரிஃப்புக்கு எதுக்கு சார் மண்வெட்டி?"

அவர் கோதுமை மணியைக் கடித்துக்கொண்டிருந்தார். நாங்களும் கேட்டதை மறந்துவிட்டோம்.

ஒவ்வொரு வாரமும் தொடர் முடிவது ஒரே இடத்தில்தான். ஊருக்கு வெளியே ஒரு மேடு. மேட்டின் தலையில் ஒற்றை மரம், சுற்றி மரவேலி, வேலிக்குள் வரிசையாக மரச் சிலுவைகள். அந்த வாரத்தில் செத்தவனை அங்கே கொண்டுவந்து புதைப்பார்கள். ஷெரிஃப் தொப்பியைக் கழற்றுவார். கேமரா மெல்லப் பின்வாங்கும், மேடு சின்னதாகிக்கொண்டே போகும். அந்த நேரத்துக்குத்தான் கோமதி அக்கா சமையலறையிலிருந்து வருவார். அது வரையில் நடந்த சண்டை, காதல், குதிரைத் துரத்தல் எதையும் பார்க்கமாட்டார். வந்ததும் விளக்கை அணைப்பார். பெட்டியின் சத்தத்தைக் குறைப்பார். கண்ணாடித் திரையிலிருந்து ஒரு முழத்தில், தரையில், சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்வார். நீல வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும் விழும்.

அந்த இரண்டு நிமிடம் சார் வாயைத் திறக்கமாட்டார். மலை தப்பு, மரம் தப்பு, பாவாடை தப்பு என்றவர் அப்போது நாற்காலியில் அசையாமல் இருப்பார். முதல் முறை இதைக் கவனித்தபோது நான் விளையாட்டாக, "என்ன சார், சுடுகாட்டுல தப்பே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். "அது சரியா இருக்கு. அதை மட்டும் சரியா எடுத்திருக்கான்" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

கோமதி அக்கா அந்த மேட்டைப் பார்த்துப் பேசும் விதம் எனக்குப் பழகப் பல மாதம் ஆனது. "இன்னிக்கு அங்க குளிர் போலிருக்கு" என்பார். "போன தடவை அந்த வேலிக்கால் சாஞ்சிருந்தது. யாரோ நிமித்தி வெச்சிருக்காங்க" என்பார். நான் உற்றுப் பார்ப்பேன். வேலி வேலியாகத்தான் இருக்கும். புதன்கிழமை மதியங்களில் பிரெஞ்சு அலைவரிசையில் பழைய பகுதிகளைப் பிரெஞ்சில் பேசவைத்துப் போடுவார்கள். ஷெரிஃப் கெட்டவனை "பொன்ழூர், மிஸ்யே" என்று வரவேற்றுவிட்டுச் சுடுவார். அக்கா அதையும் பார்ப்பார், அதாவது அதன் கடைசி இரண்டு நிமிடத்தை. முன்பு பார்த்த அதே பகுதி, அதே மேடு. ஆனாலும் சனிக்கிழமை என்னிடம் புதுச் சேதி சொல்வார்: "மரத்துல இலை விழுந்துடுச்சு வசந்தா." ரவி வீட்டுக்கு இறங்கும்போது, "அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. அக்காவின் கண் என்னுடையதைவிடக் கூர்மை. மூன்று மாடிக்குக் கீழே வரும் தபால்காரன் கையில் வான்கடிதம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் சொல்வார். மேடு பின்வாங்கும்போது தலையைச் சாய்த்து, "தண்ணிச் சத்தம் கேக்குதா?" என்பார்.

"ரேடியேட்டர்" என்பார் சார் உடனே. எங்கள் கட்டடத்துக் குழாய்களில் சுடுதண்ணீர் ஓடும்போது களகளவென்று சத்தம் வருவது உண்மைதான். மாண்ட்ரியாலில் வருடத்தில் ஏழு மாதம் அந்தச் சத்தத்தோடுதான் தூங்குகிறோம். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

போன வருடம் பிப்ரவரியில், பனி ஜன்னல் பாதி வரை ஏறியிருந்த ஒரு சனிக்கிழமை, அக்கா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். "ஏன்க்கா, அடக்கம் பண்றதை மட்டும் பார்க்க வர்றீங்களே, பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எங்க பாப்பா அங்கதானே இருக்கு" என்றார். அப்பளத்தைத் திருப்பிப் போட்டார்.

இவர்களுக்குக் குழந்தை இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"பத்து மாசம். நிமோனியா. மார்ச்சு, பனி உருகுற நேரம். சின்னப் பிள்ளையை எரிக்கிறதில்லையே, கொண்டுபோய் வெச்சாங்க. அவரும் அந்த ஷெரிஃப்பும் படிக்கிற பையன் ஒருத்தனும் போனாங்க. பொம்பளைங்க போறதில்லைன்னு நான் வீட்டுலயே இருந்துட்டேன், அப்புறமும் போய்ப் பார்த்ததில்லை. அவர் வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், தண்ணி நிக்காத இடமான்னு. மேடுன்னார். மேல ஒரு மரம் இருக்குன்னார்." அக்கா எண்ணெயை வடியவிட்டு அடுத்ததைப் போட்டார். "இந்த ஊருக்கு வந்து முதல் தடவை இந்தப் படத்தைப் பார்த்தப்போ மேடு வந்துச்சு. இதுவாங்கன்னு கேட்டேன். இதேதான்னார். பச்சைப் பிள்ளைக்குத் திதி கிடையாது, திவசம் கிடையாது. நினைக்கிறதுக்கு ஒரு நாள் வேணுமில்ல? சனிக்கிழமை ஏழு மணி. போதும் எனக்கு."

அந்தத் தொடரைக் கலிஃபோர்னியாவில் ஏதோ ஒரு பண்ணையில் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்திருந்தது. ரவியே ஒருமுறை சாரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். அக்கா அப்போது சமையலறையில் இருந்தார். நான் அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பெட்டியில் எவனோ மாடியிலிருந்து விழுந்துகொண்டிருந்தான். "இவ்வளவு உயரத்துல அங்க மாடியே கிடையாது" என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். சில்லறை கூடினால் பல் கூசும் மனிதர் வாரம் ஒருமுறை, விளக்கணைத்த கூடத்தில், ஒரு பொய்யை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவர் மேல் வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பளத்தை நீட்டினேன். "எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்டுட்டா" என்றார்.

அதற்குப் பிறகு மேடு வரும்போது நான் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சிலுவைகளை எண்ணத் தோன்றியது. எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்குமோ என்று பயமாக இருந்தது. படித்தவள், நூலகத்தில் வேலை பார்க்கிறவள், பயந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜூலை வந்தது. ரேடியேட்டர்களை மே மாதமே அணைத்துவிட்டார்கள். வெயிலில் கட்டடம் வெந்துகொண்டிருந்தது, எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை ஷெரிஃப் தொப்பியைக் கழற்றினார், அக்கா சத்தத்தைக் குறைத்தார். "தண்ணிச் சத்தம் கேக்குதா?" என்றார். சார் பழக்கத்தில் "ரேடி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அந்த நிசப்தத்தில் எனக்கும் கேட்டது. ஓடும் தண்ணீரின் சத்தம் இல்லை. அகலமான தண்ணீர் கரையில் வந்து வந்து மெதுவாகத் தொடுகிற சத்தம். எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைப் பார்த்தேன். மூடியிருந்தது. குளியலறையும் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது. திரும்பி வந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சார் என்னைப் பார்த்தார். "உங்களுக்குமா?" என்று அவர் வாய் அசைந்தது. நான் தலையை ஆட்டவில்லை.

அடுத்த நாள் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஆகஸ்டுல நீங்க காரில சிகாகோ போறீங்களாமே. அங்கேருந்து கால்டருக்கு ஒரு நாள் வழிதானாம், தையல்கடையில ஒரு அம்மா சொன்னா. நானும் வர்றேன். பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு தடவை நேர்ல பார்த்துடறேன்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். லீவு கிடைக்காதுன்னார். அவர் வரவேணாம். மேடு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நானே போயிடுவேன். உங்க லைப்ரரியில வரைபடம் எல்லாம் இருக்குமே, பார்த்துட்டு வா."

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்க மாநிலங்களின் தாள்கள் இரும்பு இழுப்பறைகளில் படுத்திருக்கும். கால்டருக்கு இரண்டு தாள் கிடைத்தது. பழையதில் ஊர் இருந்தது: ரயில்பாதை, ஓடை, நாலு தெரு, ஓடைக்குப் பக்கத்தில் இடுகாட்டுக்கான சின்னச் சிலுவைக்குறி. உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் அந்தத் தாளிலேயே மிகக் குறைவு. மேடு என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. இரண்டாவது தாள் 1971-இல் திருத்தியது. அதில் நாலு தெருவும் சிலுவைக்குறியும் இருந்த இடம் முழுக்க நீலம். ஒரு நீர்த்தேக்கம். வடக்கே நாலு மைல் தள்ளிப் புதிதாக ஒரு கால்டர் இருந்தது. அந்த நீலத்தின் மேல் என் விரலை வைத்தேன். முந்தின வாரம் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. இழுப்பறையை மூடிவிட்டு வெளியே ஆட்கள் இருக்கும் கூடத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அக்கா துணி துவைக்க அடித்தளத்துக்கு இறங்குவார். அந்த நேரம் பார்த்து, இரண்டாவது தாளைச் சுருட்டிக்கொண்டு தனியாக மேலே போனேன். சார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எங்கள் சங்கத்துச் சுற்றறிக்கையில் சிவப்பு மையால் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். தாளை விரித்தேன். எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. பார்த்ததும் வலது உள்ளங்கையை அந்த நீலத்தின் மேல் பொத்தி வைத்தார்.

"அவ பார்த்தாளா?"

"இல்லை சார்."

சிவப்புப் பேனாவைத் தள்ளி வைத்தார். பிறகு கையைப் பார்த்தே சொன்னார்.

"களிமண். தண்ணி இறங்கவே இறங்காத மண். அந்த மண்ணைப் பத்தித்தான் மூணு வருஷமா எழுதிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாதா? குழி வெட்ட வெட்ட அடியில ஊறுது. ஹால்வர்சன் குழிக்குள்ள இறங்கித் தொப்பியால மொண்டு மொண்டு வெளிய ஊத்தினார். வீட்டுக்கு வந்தா இவ கேட்கிறா, தண்ணி நிக்காத இடமான்னு. நான் என்ன சொல்லட்டும்? மேடுன்னுட்டேன்."

"அப்புறம் அணை கட்டினாங்களா?"

"நாங்க இங்க வந்து மூணு வருஷம் கழிச்சு. ஊரை நகர்த்தினாங்க. கல் வெச்ச குழியெல்லாம் தோண்டிப் புது இடத்துக்குக் கொண்டுபோனாங்க. கல் இல்லாததை யார் எடுப்பா? ஹால்வர்சன் கடுதாசி போட்டிருந்தார், ரெண்டு நாள் தேடினேன், இடம் தெரியலைன்னு." மூச்சு விட்டார். "அன்னிக்கே கேட்டார் அந்த மனுஷன், சின்னதா ஒரு கல் நடட்டுமான்னு. எங்க வழக்கத்துல பச்சைப் பிள்ளைக்குக் கல் வைக்கிறதில்லைன்னு நான்தான் சொன்னேன். வழக்கம் பேசினேன், பெரிய ஆள் மாதிரி. ஒரு கல் வெச்சிருந்தா பிள்ளை இப்போ காஞ்ச இடத்துல இருந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

"கடுதாசியை ஆபீஸ்லயே கிழிச்சுப் போட்டுட்டேன். ஒரு வார்த்தை நான் அவகிட்ட சொன்னதில்லை வசந்தா. கனவுல உளறிடுவேனோன்னு கூடத்துல படுத்திருக்கேன். அப்புறம் எப்படி அவளுக்குத் தண்ணிச் சத்தம் கேக்குது?"

"எனக்கும் கேட்டுது சார்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாவு மாதிரி வெளுத்தது. இயந்திரத்துக்கு முன்னால் ஈரத்தைச் சொல்லும் மனிதர், மற்றக் கையால் சட்டைப் பையில் கோதுமை மணியைத் துழாவினார்.

"கார் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. ரவிகிட்டயும் சொல்லிடுங்க. அவ போகக் கூடாது. அங்க போய்க் கரையில நின்னா..." என்றார். சரி என்றேன். அந்த நிமிடம் வேறு எது கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கதவு திறந்தது. எங்கள் இருவருக்குமே படியில் காலடி கேட்கவில்லை. கோமதி அக்கா துணிக்கூடையோடு நின்றிருந்தார். உலர்த்தியிலிருந்து எடுத்த துணியின் சூட்டு வாடை கூடம் முழுக்கப் பரவியது. தாளைச் சுருட்டலாம் என்றால் சாரின் கை அதன் மேல் இருந்தது. அதை எடுத்தால் நீலம் தெரியும்.

"வரைபடம் வந்துடுச்சா?" என்றார் அக்கா.

"இது வேற ஊர், அக்கா. தப்பான தாளை எடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். தாளின் தலையில் கொட்டை எழுத்தில் கால்டர் என்று அச்சாகியிருந்தது. அதை மறைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சார் நிமிரவில்லை. "தப்பான தாள்தான்" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட இரண்டாவது பொய் அது. 'அது சரியா இருக்கு' என்ற முதலாவதைப் போலவே அதுவும் அவருக்குச் சரியாக வரவில்லை. கையைத் தாளின் மேல் இன்னும் அழுத்தினார். தாள் சரசரத்தது.

அக்கா கூடையை இறக்கி வைத்தார். ஈரம் இல்லாத கையைப் புடவையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். தலைப்பில் இருந்த பெயரைப் படித்தார். சாரின் மணிக்கட்டைப் பிடித்து, சட்டி மூடியைத் திறந்து பார்ப்பதுபோல, அந்தக் கையை மெல்லத் தூக்கினார். குனிந்து பார்த்தார். கீழே தெருவில் யாரோ பிரெஞ்சில் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அக்கா அந்த நீலத்தின் ஓரத்தை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு தூக்கிய கையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, இடையில் நீலம் தெரியாதபடி அவர் விரல்களை ஒவ்வொன்றாக நெருக்கிச் சேர்த்து வைத்தார்.